ஐந்தாவது பல்

"எழுதிக்கோ. நான்தான் செஞ்சேன்," என்றார் ஆர்வோ கோர்ப்பி.

காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. ஹக்காலா மரமில்லின் ஆபீஸ் அறையில், அடுப்புக்குப் பக்கத்து பெஞ்சில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. பத்தொன்பது வருடமாக அந்த மில்லின் பெரிய வட்ட ரம்பத்துக்கு லீவர் பிடிப்பவர். கிவியோக்கியிலிருந்து ஹான்காக் வரைக்கும் அவரைப் போல அறுக்க ஆள் கிடையாது என்று அவரைப் பிடிக்காதவர்களே சொல்வார்கள்.

ஹில்யா கெட்டுனென் நோட்டைத் திறக்கவேயில்லை. "என்ன செஞ்சீங்க?"

"பல்லைத் தளர்வா மாட்டினேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவு. செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றே கால் மணிக்கு, சுழன்றுகொண்டிருந்த ரம்பத்திலிருந்து ஒரு பல் தெறித்தது. ரம்பத்துக்குப் பின்னால் நின்று பலகை வாங்கிக்கொண்டிருந்த லூசியன் பெல்லேரின் தோளெலும்பை உடைத்துவிட்டுப் போய்த் தூணில் பதிந்தது. நான்கு அங்குலம் தள்ளியிருந்தால் கழுத்து. அன்று காலையில் ரம்பத்துக்குப் பல் மாற்றியவர் ஆர்வோ. அதற்கு முந்தைய மூன்று சனிக்கிழமையும் ஊர் மன்றத்து நடனத்தில் லூசியன் ஆடியது ஆர்வோவின் மனைவி லெம்பியோடு. லூசியனுக்கு முப்பது வயது, கியூபெக்காரர்களுக்கே உரிய முறுக்கு மீசை. ஆர்வோ சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். இதைக் கூட்டிப் பார்க்க யாரும் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை.

நாலு மணிக்குத் துணை ஷெரிஃப் வருவார், ஆர்வோவை அழைத்துப் போவார் என்று பேச்சு. முந்தின நாள் எங்களுக்குப் போன் செய்து கூப்பிட்டது லெம்பி. "அவர் பண்ணிருக்க மாட்டார். ஆனா நான்தான்னு சொல்றார். வந்து பாருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

ஹில்யா மேடம் இருபத்திரண்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர். மாவட்டத்தில் யார் யாரிடம் என்ன பொய் சொன்னார்கள் என்பது முழுக்கக் காதில் விழுந்த பிறகு, 1956இல் அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்துவிட்டார். நான் எஸ்கோ. அவருடைய உதவியாளன், காரோட்டி, தேவைப்பட்டால் அடிவாங்குபவன். இதே மில்லில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். பத்து விரலோடு சேர்ந்தேன், எட்டோடு கிளம்பினேன். பத்திரிகையில் மேடத்தின் பெயரை எப்போதும் சரியாகப் போடுவார்கள். என் பெயரைப் போட்ட ஒரே தடவை 'எல்கோ' என்று போட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவுமில்லை. வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

*

மில் முதலாளி ஹக்காலா எங்களை ரம்பக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். செவ்வாய்க்கிழமையிலிருந்து எதையும் யாரும் தொடவில்லை.

"மதியம் நாங்க எல்லாரும் சாப்பாட்டுக் கொட்டகையில இருந்தோம்," என்றார். "நடுவுல ரம்பம் கொஞ்ச நேரம் ஓடுற சத்தம் கேட்டுச்சு. ஆர்வோதான். அவன் மதியத்துக்குக்கூட ரம்பத்தை விட்டு நகர மாட்டான். பக்கத்துலயே உக்காந்து, கறி வெச்சுச் சுட்ட பேஸ்டியைத் தின்பான்."

"பாத்தீங்களா?" என்றார் மேடம்.

"பாக்கணுமா? வேற எவன் அதைத் தொடுவான்?"

"கொட்டகைக்குச் சாப்பிட வராதவங்க யாரு?"

"ஆர்வோ. அப்புறம் லூசியன்." ஹக்காலா குரலைத் தணித்தார். "மூணு வாரமா செவ்வாய்க்கிழமைன்னா லூசியன் சாப்பாட்டுக்கு வரதில்ல. அதே நேரத்துல லெம்பியும் வீட்டுல இருக்கறதில்லையாம். நான் சொல்லல, ஊர் சொல்லுது. துணை ஷெரிஃப் கேட்டதுக்கு லூசியன் என்ன சொன்னான் தெரியுமா? 'ஒரு பொம்பளையோட மானம் சம்பந்தப்பட்டது, சொல்ல மாட்டேன்'னான்."

"அதை எத்தனை பேர் முன்னால சொன்னான்?"

"பதினொரு பேர் இருந்தோம்."

"நல்லாக் காப்பாத்தினான் மானத்தை," என்றேன் நான்.

ஹக்காலா போன பிறகு மேடம் ரம்பத்தைச் சுற்றி வந்தார். அவருக்கு ரம்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததைக் கேட்க வெட்கப்படவும் தெரியாது. அவருடைய பலமே அதுதான்.

"இது எப்படிக் கழண்டு வரும்? காட்டு."

நான் சாவியை எடுத்தேன். முனையில் இரண்டு முளை உள்ள இரும்புக் கை. ரம்பத்தின் ஒவ்வொரு பல்லும் தனித் துண்டு. அதைப் பிறை மாதிரி ஒரு பிடி பின்னாலிருந்து அணைத்துக்கொண்டு, வட்டமான குழியில் உட்கார்ந்திருக்கும். பிடியிலுள்ள துளைகளில் முளைகளை நுழைத்து ஒரு அமுக்கு அமுக்கினேன். பிடி சுழன்றது, பல்லும் கூடவே எழுந்து வந்தது.

"மழுங்கினா ரம்பத்தையே கழட்ட வேண்டாம். பல்லை மட்டும் எடுத்துட்டுப் புதுசு வெச்சுக்கலாம்," என்றேன். "கடவுள் நமக்கு இந்த வசதியை வெக்கல."

"திரும்ப வை."

குழியைத் துடைத்தேன், எண்ணெய் தொட்டேன், பல்லைப் பிடியின் அணைப்பில் வைத்து உள்ளே திருப்பினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. எட்டு விரலுக்கு அது போதுமான வேலை.

தெறித்த பல்லின் குழி காலியாக இருந்தது. அதற்குள் விரலை விட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. மரத்தூளும் பிசினும் கெட்டியாக ஒட்டியிருந்தன. மற்ற குழிகளின் விளிம்பெல்லாம் ஆர்வோவின் கை பட்டுப் பளபளத்தது.

"இது அவர் மாட்டினதில்ல. குழியைத் துடைக்காம ஆர்வோ பல் வெக்கறது, பாதிரியார் பூட்ஸோட கட்டில்ல படுக்கற மாதிரி."

"ஷெரிஃப்கிட்ட பாதிரியார் கதை எடுபடாது. வேற?"

தூணில் பதிந்திருந்த பல்லைக் கத்தியால் நெம்பி எடுத்தேன். புதுப் பற்கள் பெட்டியிலிருந்து வரும்போது துருப்பிடிக்காமல் இருக்கப் பச்சைப் பெயிண்டில் தோய்ந்து வரும். இந்தப் பல்லின் இரு பக்கமும் பச்சை அப்படியே இருந்தது. மேடம் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரம்பத்தைப் பார்த்தார். ஆர்வோ காலையில் மாற்றிய நான்கும் தனியாகத் தெரிந்தன. முனை புதிது, பக்கங்கள் தேய்ந்து வெள்ளி மாதிரி இருந்தன.

"அந்த நாலுல பச்சை ஏன் இல்ல?"

"ஏழு மணியிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் மேப்பிள் அறுத்தா, பச்சை எங்க தங்கும்?"

"இதுல தங்கியிருக்கே."

நான் ஓடிப்போய்ப் பல் பெட்டியைத் திறந்தேன். வரிசைக்கு ஐந்தாக அடுக்கியிருந்தது. ஒரு வரிசை முழுக்கக் காலி.

"நாலு மாத்தினேன்னார். அஞ்சு போயிருக்கு. அஞ்சாவது பல்லை மதியம்தான் மாட்டியிருக்காங்க." சொல்லி முடித்ததுமே எனக்கு உறைத்தது. "ஆனா மதியம் ரம்பத்துகிட்ட இருந்தது ஆர்வோன்னுதானே எல்லாரும் சொல்றாங்க. மேடம், நாம இப்ப அவரைக் காப்பாத்தறோமா, அவருக்குத் தூக்குக் கயிறு திரிக்கிறோமா?"

"காரை எடு. லெம்பியைப் பாக்கலாம்."

*

லெம்பி காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்தார். நாற்பதுக்குப் பக்கத்து வயது. நல்ல உயரம். பேசும்போது உதடுகள் அதிகம் அசையவில்லை. கேட்ட கேள்விக்கு இரண்டு வார்த்தை, அதற்கு மேல் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் பதினோரு மணி பஸ்ஸில் ஹான்காக் போனாராம். எதற்கு என்றால், துணி வாங்க. எந்தத் துணி என்றால், காப்பியை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

நான் சர்க்கரைக் கட்டியை முன்பல்லில் கடித்துக்கொண்டு காப்பியை உறிஞ்சினேன். மேடமும் அப்படித்தான். லெம்பி தன் கட்டியைக் கோப்பைக்குள் போட்டுக் கலக்கினார். ரொட்டியின் உள்பகுதியை மட்டும் கிள்ளிக் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டார். மேலோட்டை ஒதுக்கி வைத்தார்.

மேடம் அந்த மேலோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல் வரிசை முழுக்கவா?"

லெம்பியின் கை வாய்க்குப் போனது. நான் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"பல் டாக்டர்கிட்டதானே போறீங்க?" என்றார் மேடம், மெதுவாக.

லெம்பி தலையசைத்தார். "செப்டம்பர்ல பிடுங்கினாங்க. பொய்ப்பல் தட்டு வெச்சிருக்காங்க. ஈறு ஆற ஆறத் தட்டு தளருது. வாரா வாரம் போய்ச் சரிபண்ணணும். அவருக்குத் தெரிய வேண்டாம்."

"ஏன்?"

"என் பல் அழகா இருக்குன்னு கல்யாணத்தப்ப சொன்னார். அவர் வாயிலேர்ந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அது." கோப்பையைத் தள்ளி வைத்தார். "பேசறதைக் குறைச்சேன். சிரிக்கறதை விட்டேன். அவர் பல்லைக் கவனிக்கல. நான் சிரிக்காததை மட்டும் கவனிச்சார். வேற எதையோ நினைச்சுக்கிட்டார்."

"அந்த நேரத்துல லூசியன்கூட ஏன் ஆடினீங்க?"

"வந்து கேட்டார். இவர் எந்தக் காலத்துல கேட்டிருக்கார்?"

"ஆடும்போது லூசியன் என்ன பேசினார்?"

அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே மேடம் என்னைப் பார்த்து ஜன்னல் பக்கம் கண் காட்டினார். ஜன்னலுக்கு நேர் எதிரே, வெளியே, நீராவிக் குளியலுக்கான சௌனா அறை. அதன் மூலையில் நின்றால் இந்தச் சமையலறை முழுக்கத் தெரியும். நான் எழுந்து வெளியே போனேன். அதனால் லெம்பியின் பதில் எனக்குக் கேட்கவில்லை.

சௌனாவின் பின்சுவரில் பிர்ச் விறகு புதிதாக அடுக்கியிருந்தது. மேல் விறகின் வெள்ளைப் பட்டையில், எரிந்து கருகிய தீக்குச்சிகள் சிதறிக் கிடந்தன. பதினொன்று. ஒவ்வொன்றும் மூன்றாக ஒடிக்கப்பட்டிருந்தது. பைப் பற்றவைத்துவிட்டுத் தீக்குச்சியை மூன்றாக ஒடிக்கும் மனிதர் இந்த மாவட்டத்தில் ஒருவர்தான். மரத்தூள் இருக்கும் இடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்ததில் வந்த பழக்கம்.

நான் உள்ளே வந்து கேட்டேன், "விறகு எப்ப அடுக்கினீங்க?"

"செவ்வாய்க்கிழமை காலைல, பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னால. ஏன்?"

அன்று சாயங்காலத்திலிருந்து ஆர்வோ ஹக்காலாவின் வீட்டில் தங்கியிருக்கிறார், ஓடிவிடக்கூடாது என்று. அதனால் அந்தத் தீக்குச்சிகள் விழுந்தது செவ்வாய்க்கிழமை மதியம் மட்டும்தான் இருக்க முடியும்.

காரில் ஏறியதும் சொன்னேன், "ரம்பத்தை விட்டு நகராத மனுஷன், ஆத்தங்கரை வழியா ஒளிஞ்சு வந்து, ஒரு மணி நேரம் தன் வீட்டைத் தானே வேவு பாத்திருக்கார். வீட்டுல பூனைகூட இல்ல."

"ஜெயிலுக்குப் போறது அவருக்கு அதைவிடக் கௌரவமாத் தெரியுது," என்றார் மேடம். "சரி. செவ்வாய்க்கிழமை லெம்பி ஊர்ல இல்ல. அதனால ஆர்வோ மில்லுல இல்ல. அப்ப ரம்பம் யாருகிட்ட இருந்துது?"

*

திரும்பவும் மில். மணி இரண்டரை. மேடம் கொட்டகையின் நடுவில் நின்றார்.

"ஒரு ஆள் தனியா அறுத்தா, பலகையைப் பின்னால யார் வாங்குவாங்க?"

"யாரும் இல்ல. அது பாட்டுக்குப் போய்க் கீழ விழும்."

"விழுந்தா?"

"மூலை நசுங்கும்." சொல்லிவிட்டு நான் தேடத் தொடங்கினேன்.

சக்கைக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. ஒரு மேப்பிள் பலகை, ஒரு மூலை நசுங்கியிருந்தது. அது வந்த தடி கொட்டகைக்குப் பின்னால் சரிவில் உருட்டி விடப்பட்டிருந்தது, அறுத்த முகம் தரையைப் பார்த்தபடி. நெம்புகோல் போட்டுப் புரட்டினேன். இரண்டாவது பலகைக்கான அறுப்பு பாதியில் நின்றிருந்தது. நின்ற இடத்தில் மரத்துக்குள் இரும்பு மின்னியது. யாரோ என்றைக்கோ மேப்பிள் பால் வடிக்க அடித்த குழாய். மரம் அதை விழுங்கி வளர்ந்துவிட்டிருக்கிறது. அதன் பக்கத்திலேயே ரம்பப் பல்லின் உடைந்த முனை ஒன்று செருகி நின்றது.

"இரும்புல விட்டிருக்கான். பல் உடைஞ்சிருக்கு. யாருக்கும் தெரியாம அவசர அவசரமாப் புதுப் பல்லை வெச்சுட்டான். யாரையும் கொல்றதுக்காக இல்ல, மேடம். மறைக்கறதுக்காக."

"யாரு?"

நான் முதல் பலகையை எடுத்து வெளிச்சத்தில் வைத்துத் தடவினேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே கனம். நூல் பிடித்தது போல நேர். எட்டு வருடத்தில் ஆர்வோ இல்லாத நேரம் பார்த்து நானும் இரண்டு தடவை அந்த லீவரைத் திருட்டுத்தனமாகத் தொட்டிருக்கிறேன். எனக்கு வந்தது படகுத் துடுப்பு மாதிரி இருந்தது. இந்தப் பலகையைப் பார்த்தபோது வயிற்றுக்குள் ஏதோ எரிந்தது. நான் அந்த எரிச்சலை நன்றாக அறிவேன். ஓரம் வெட்டும் ரம்பத்துக்குப் போகும் முன் இரண்டு வருடம் பெரிய ரம்பத்துக்குப் பின்னால் நின்று பலகை வாங்கினேன். அந்த இடத்தில் நிற்பவனுக்கு நாள் முழுக்கத் தெரிவது ஒன்றே ஒன்றுதான், லீவரில் இருக்கும் அந்த மனிதரின் கை. அது தன் கையாக இல்லையே என்ற நினைப்போடுதான் சாயங்காலம் வீட்டுக்குப் போவான்.

"லூசியன்," என்றேன்.

"அடிபட்டவனேவா?"

"அவன் பண்ணினது அவன்மேலயே விழுந்துது."

மேடம் உடைந்த முனையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். போகும் வழியில் ஹக்காலாவின் ஆபீஸிலிருந்து ஹான்காக்குக்கு ஒரு போன் செய்தார். அரை நிமிடம்தான் பேசினார்.

*

விடுதியின் மாடி அறையில் லூசியன் தலையணைகளில் சாய்ந்திருந்தான். தோளிலிருந்து இடுப்புவரை கட்டு. அந்த நிலையிலும் மீசையைச் சீவியிருந்தான்.

"லெம்பி எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க," என்றார் மேடம், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

லூசியன் கண்ணைத் தாழ்த்தினான். "நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லலங்க. வாயே திறக்கல."

"அதான் பிரச்சினை. செவ்வாய்க்கிழமை பன்னெண்டு மணிக்கு அவங்க எங்க இருந்தாங்க?"

"அது வந்து…"

"கூட இருந்தவருக்குத் தெரியாதா?"

"ஆத்துப் பக்கம்."

"ஹான்காக்ல ஒரு டாக்டரோட நாற்காலியில உக்காந்திருந்தாங்க. டாக்டரும் நர்ஸும் சாட்சி. இப்பதான் பேசினேன்."

மேடம் கைக்குட்டையைப் பிரித்து, உடைந்த முனையைப் போர்வையின் மேல் வைத்தார். அவன் அதையே பார்த்தான். அவனுடைய நல்ல கை தானாகப் போய் அதை எடுத்தது. கட்டைவிரல் அதன் விளிம்பைத் தடவியது.

நான் சொன்னேன், "முதல் பலகை நேரா வந்திருக்கு."

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "பாத்தியா? ரெண்டு முனையும் ஒரே கனமா?"

"ஒரே கனம்."

"எனக்குத் தெரியும். கையிலயே தெரிஞ்சுது." அரை நொடி அவன் முகம் மலர்ந்தது. பிறகு தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குப் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒன்னரை வருஷமா அந்த ஆள் பின்னால நிக்கறேன்," என்றான் மூடிய கண்ணோடு. "ஒரு தடவை திரும்பிப் பாத்ததில்ல. ஒரு தடவை, 'நீ பிடிச்சுப் பாரு'ன்னு சொன்னதில்ல. திடீர்னு செவ்வாய்க்கிழமைகள்ல மதியம் காணாமப் போக ஆரம்பிச்சார். ரம்பம் சும்மா நிக்குது. நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்? ரெண்டு செவ்வாய்க்கிழமை நல்லாத்தான் போச்சு. மூணாவதுல இரும்பு."

"அவர் ஜெயிலுக்குப் போகப் போறாரே, தெரியுமா?" என்றார் மேடம்.

"அவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல."

"லெம்பி பேரைக் கெடுத்தீங்க."

"பொம்பளை பின்னால சுத்தறவன்னு என்னைச் சொல்லட்டும், பரவால்ல. எல்லாரையும் அப்படித்தான் சொல்றாங்க." உடைந்த முனையை உள்ளங்கையில் மூடிக்கொண்டான். "அடுத்தவன் ரம்பத்தை இரும்புல விட்டவன்னு சொன்னா, எந்த மில்லுலயும் எவனும் என்னைக் கிட்ட சேக்க மாட்டான்."

"எழுந்திருங்க. படி இறங்க எஸ்கோ பிடிச்சுக்குவான்."

*

நாலு மணிக்குத் துணை ஷெரிஃப் வந்தார். ஆபீஸ் அறையில் எல்லோரும் இருந்தோம். லெம்பி கதவோரம் நின்றார். ஆர்வோ அவரைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூசியன் நின்றபடி நடந்ததைச் சொன்னான். நசுங்கிய மூலைப் பலகையை நான் மேஜைமேல் வைத்தேன்.

"சரி, அப்ப மதியம் ஆர்வோ எங்க இருந்தார்?" என்றார் துணை ஷெரிஃப்.

"ரம்பத்துகிட்ட யார் இருந்தாங்கன்னு ஆளே ஒத்துக்கிட்டாச்சு," என்றார் மேடம். "வேற யார் எங்க இருந்தாங்கங்கிறது இந்தக் கேஸுக்கு வேண்டாம்."

துணை ஷெரிஃப் தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக்கொண்டார். லெம்பி மட்டும், யாரையும் பார்க்காமல், "விறகு மேல தீக்குச்சி போடாதீங்க. பத்திக்கும்," என்றார். ஆர்வோவின் காது இரண்டும் சிவந்தன.

ஹக்காலாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, நீ பண்ணலன்னா ஏன்டா நான்தான் நான்தான்னு உயிரை எடுத்தே?"

ஆர்வோ மடியிலிருந்த தொப்பியை ஒரு சுற்றுத் திருப்பினார். "புதுப் பல் சரியா உக்காரலன்னா ரம்பம் சொல்லும். ஒவ்வொரு சுத்துக்கும் 'டிக்'குனு ஒரு சத்தம் வரும். எஸ்கோவுக்கே கேக்கும்."

"நன்றி," என்றேன்.

"அன்னிக்கு மதியத்துக்கு மேல பதினோரு பலகை அறுத்தேன். எனக்குக் கேக்கல. என் காது அங்க இல்ல. கண்ணுக்கு இவன் பின்னால நிக்கறது மட்டும்தான் தெரிஞ்சுது." லூசியனைப் பார்க்காமலே கையால் காட்டினார். "பல் தெறிச்சுப் போய் இவன் விழுந்தப்ப, ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்துது. அப்புறம் நான் என்னன்னு சொல்றது?"

லெம்பி கதவோரத்திலிருந்து முன்னே வந்தார்.

"மூணு சனிக்கிழமை இவர் என்கூட ஆடினார். நான் வாயைத் திறக்கல. திறந்தா தட்டு நழுவும். இவர்தான் பேசினார். என்ன பேசினார் தெரியுமா? 'அவர் லீவரை எந்த விரல்ல பிடிப்பார்? வீட்டுலயும் கை அவ்வளவு நிதானமா இருக்குமா? கட்டை உள்ள போறப்ப மூச்சைப் பிடிச்சுக்குவாரா?' மூணு வாரம் இதே கேள்வி." ஆர்வோவின் முன்னால் நின்றார். "முதல் வாரம், ரெண்டு பாட்டு வரைக்கும், ஒருத்தர் என்னைத் தேடி வந்து ஆடறார்னு நினைச்சேன். மூணாவது பாட்டுலதான் புரிஞ்சுது. இவரும் உங்களையேதான் பாத்துக்கிட்டிருக்கார்."

லூசியன் தரையைப் பார்த்தான். ஆர்வோவுக்கு அந்தப் பேச்சில் ஒரு சொல் மட்டும் காதில் நின்றிருந்தது.

"என்ன தட்டு?" என்றார்.

லெம்பியின் கை மறுபடியும் வாய்க்குப் போனது. பிறகு கையை எடுத்து, உதட்டை விரித்தார், அவ்வளவுதான். ஆர்வோ பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

துணை ஷெரிஃப் தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பினார். ஹக்காலா லூசியனைச் சுட்டிக் காட்டி, "இவனை என்ன பண்றது? நீ சொல்றதுதான்," என்றார் ஆர்வோவிடம்.

"தோள் ஆறட்டும். வேலைக்கு வெச்சுக்கோ." ஆர்வோ எழுந்து தொப்பியைப் போட்டார். போகும்போது மேஜையருகில் நின்று, பலகையின் மேல் உள்ளங்கையை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓட்டினார். முகம் இறுகியது. "ஆனா என் பின்னால வேண்டாம்."

"இன்னும் கோவமா?" என்றார் ஹக்காலா.

"கோவம் இல்ல," என்றார் ஆர்வோ. "என் பின்னால வேண்டாம்."

*

இருவரையும் வீட்டில் விட எங்கள் காரிலேயே ஏற்றிக்கொண்டோம். ஏரியைச் சுற்றிப் போகும்போது பின்சீட்டைக் கண்ணாடியில் பார்த்தேன். இருவருக்கும் நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவு இடம் இருந்தது.

"வலிச்சுதா?" என்றார் ஆர்வோ.

"மூணு நாள்."

"எந்த மூணு நாள்?"

"உருளைக்கிழங்கு தோண்டினமே, அந்த வாரம்."

"அப்ப நான் பக்கத்துலயேதானே இருந்தேன்."

"ஆமா," என்றார் லெம்பி.

ஆர்வோ வெளியே பார்த்தார். அப்புறம் திரும்பி, "காட்டு," என்றார்.

கண்ணாடியில் லெம்பி வாயைத் திறப்பது தெரிந்தது. ஆர்வோ குனிந்து, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "ரொம்ப வெள்ளையா இருக்கு," என்றார்.

லெம்பி சிரித்தார். வாயை மூடாமல், சத்தமாக. எனக்கு வீட்டில் காத்திருப்பது ஒரு நாய், அதுவும் பக்கத்து வீட்டு நாய். நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன்.

"எஸ்கோ," என்றார் ஹில்யா மேடம். "முன்னாடி பாத்து ஓட்டு."